வானில் வந்த இதயம்

2015ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று மாலை, மூளைச்சாவு அடைந்த வழக்கறிஞர் ஒருவரின் இதயத்தைச் சுமந்துகொண்டு, கடற்படையின் டோர்னியர் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்குப் பறந்து வந்தது. உடலை விட்டு நீங்கிய இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே தாங்கும். எர்ணாகுளம் லிசி மருத்துவமனையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அதற்காகக் காத்திருந்தார்.

காயலுக்கு இக்கரையில், மட்டாஞ்சேரியில் வாழும் தமிழராகிய நாங்கள் கடற்படை விமானங்களின் ஓசைக்குப் பழகிப்போனவர்கள். அன்று எந்த ஓசையோடு அந்த இதயம் வந்ததென்று அறியோம்.

இலண்டன் வான்வழி மருத்துவக் குழுவினரைப் பற்றி 1996இல் பிரிட்டனில் 'கால் ரெட்' என்றொரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. ஒரே பருவத்தோடு நின்றுபோயிற்று. நம் பக்கத்துக் கதையோ நிற்கவில்லை. 2008இல் சென்னையில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் இதயம் நெரிசலைக் கடந்து 11 நிமிடங்களில் மருத்துவமனை சேர்ந்தது. அதைத் தழுவி 2011இல் வந்த 'டிராஃபிக்' என்னும் மலையாளப் படத்தில், கொச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் சாலைவழியே இதயம் விரைகிறது. 2013இல் அதுவே 'சென்னையில் ஒரு நாள்' ஆயிற்று. எங்களைப் போலவே மலை கடந்து வந்த கதை. எங்களைப் போலன்றி ஊர் திரும்பிவிட்டது!

படத்தைக் குறித்துச் சங்கத்தில் உரையாடியபோது வண்டியோட்டியவரையே எல்லோரும் புகழ்ந்தோம். மூத்த அம்மையார் ஒருவர் மட்டும், "அந்தத் தாளில் ஒப்பமிட்ட தாய் தகப்பனை நினைத்தீர்களா, தம்பி? நம் பிள்ளையென்றால் ஒப்பமிடுவோமா?" என்றார்.

வீடு திரும்பியும் பேசினோம். எங்கள் இருவருக்குள் இன்னும் அது முடிவாகவில்லை.