கப்பலுக்குள் ஏறிய ரயில்

புங்குடுதீவின் மடத்துவெளியில் பிறந்தவனுக்கு 'பஸ்ஸா, ரயிலா?' என்ற கேள்வியே கிடையாது. யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று கடலையும் பனையையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டு, வாணர் பாலம் கடந்து புங்குடுதீவுக்குள் நுழையும் 776ஆம் இலக்கப் பஸ்தான் எங்களுக்கு எல்லாம். அதைத் தவறவிட்டால் அடுத்த பஸ். குறிகட்டுவானோடு றோட்டு முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவோ நெடுந்தீவோ, வள்ளத்தில்தான் போகவேண்டும். ரயில் என்பது பட்டணத்துச் சங்கதி. அதுவும் 1990இல் நின்று 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. இடையில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவனிடம், ரோமில் இறங்கியதும் தொலைபேசியில் மச்சான் எடுத்த முதல் பேச்சே பஸ்ஸா, ரயிலா என்பதுதான். தங்கச்சி குடும்பம் இருப்பது சிசிலித் தீவின் பலெர்மோவில். "ரோமிலயிருந்து பஸ்ஸும் வருது மச்சான். ஆனா நீங்கள் ரயிலிலதான் வரவேணும். ஏனெண்டு இப்ப கேளாதேங்கோ." தீவுக்கு எப்படி ரயில் வரும்? அதைக் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

தை மாதக் குளிர். காதுமடல் இருக்கிறதா இல்லையா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இரவு ரயிலில் எனக்குக் கிடைத்தது நாலு படுக்கைகள் கொண்ட ஒரு சின்ன அறை. எதிர்ப்படுக்கையில் ஒரு சிசிலிக் கிழவி. ரயில் நகர்ந்ததும் மடியில் துணியை விரித்து, பாணும், மணம் மூக்கைத் துளைக்கும் பாற்கட்டியும், உப்பிட்ட இறைச்சியும் எடுத்து வைத்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். அவருக்கு இத்தாலி மொழி, எனக்குத் தமிழ். ஆனாலும் கைகளால் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். "பலெர்மோ? தமிழ்?" என்று அவரே கேட்டபோது எனக்கு வாய் அடைத்துப் போனது. அந்த நகரத்தில் எங்கள் சனம் அவ்வளவு காலமாக இருக்கிறது.

விடிகிற நேரம் ரயில் நின்றது. இத்தாலிப் பெருநிலத்தின் கால்நுனியில் உள்ள வில்லா சான் ஜொவான்னி. கண்ணாடிக்கு அப்பால் கடல், அதற்கப்பால் விளக்குகள். சரி, இனி இறங்கி வள்ளம் பிடிக்க வேண்டும் போல என்று பையை எடுத்தேன். கிழவி சிரித்துக்கொண்டே கையமர்த்தினார். ஒரு குலுக்கல். ரயில் பின்னோக்கிப் போனது. திரும்ப ரோமுக்கே கொண்டுபோகிறார்களோ என்று நெஞ்சு பதறியது. பிறகு முன்னோக்கி ஒரு தள்ளல். வெளியே வெளிச்சம் மங்கி, யன்னலுக்கு இரண்டு முழத்தில் ஓர் இரும்புச் சுவர் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் எங்கள் பெட்டிகளைப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் போட்டிருக்கிற தண்டவாளங்களில் பக்கம் பக்கமாக நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்! ரயில், ஐயா, முழு ரயில், கப்பலுக்குள் ஏறிவிட்டது.

ஊர்காவற்துறையில் இருந்து காரைநகருக்குப் 'பாதை' என்கிற மிதவையில் மோட்டார் சைக்கிளோடு போயிருக்கிறேன். வாகனத்தைக் கடல் தாண்ட வைப்பது எனக்குப் புதிதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே 1899ஆம் ஆண்டிலிருந்து ரயில் பெட்டிகளையே ஏற்றி இறக்குகிறார்களாம். நீரிணை ஒடுங்கிய இடத்தில் 3 கிலோமீற்றர்தான், கடலில் போகிற நேரம் அரை மணித்தியாலம் அளவுதான். பிரித்து, தள்ளி, ஏற்றி, இறக்கி, மறுபடி கோர்க்கிற வேலைதான் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தைச் சாப்பிடுகிறது. மெசினாவில் ரயிலே இரண்டாகி, ஒரு பாதி பலெர்மோவுக்கும் மறு பாதி சிராகூசாவுக்கும் போகிறது. இருந்த பெட்டி எது என்று நினைவில் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

ஆம், மேலே போகலாம். பெட்டியை விட்டிறங்கி, எண்ணெயும் கடலுப்பும் கலந்த மணத்துக்குள் இடுக்கான இரும்புப் படி ஏறினால் மேல்தளத்தில் ஒரு கோப்பிக் கடை. அங்கே எல்லாரும் வாங்குவது அரஞ்சினி. உள்ளங்கை நிறைய ஒரு சோற்றுருண்டை. வெளியே எங்கள் றோல்ஸின் மொறுமொறுப்பு. கடித்தால் மஞ்சள் சோறு, நடுவில் இறைச்சிக் குழம்பும் பட்டாணியும், இழுக்க இழுக்க நூலாய் வரும் பாற்கட்டி. குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது நாக்கைச் சுட்டது. அதைத் தின்றபடியே தளத்தில் நிற்க, மெசினாத் துறைமுக வாசலில் உயர்ந்த தூணின் உச்சியில் பொன்னிறத்தில் ஒரு மாதா வந்தார். 1934இல் நிறுத்தியது. பக்கத்தில் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நயினாதீவுக் கோபுரம் வள்ளத்திலிருந்து தெரிந்ததும் எங்கள் சனம் கைகூப்புவது ஞாபகம் வர, நானும் எண்ணெய்க் கையோடு கூப்பினேன்.

இந்த நீரிணைக்குப் பாலம் போடுகிற பேச்சு பல தலைமுறையாக நடக்கிறது. நடுவில் தூணே இல்லாமல் 3,300 மீற்றர் தொங்கவேண்டுமாம். போட்டால் இந்த ஏற்றி இறக்கல் நின்றுவிடும். பாலத்துக்காக வருஷக்கணக்காகப் பாடுபட்ட ஊரிலிருந்து வந்தவன் இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் அது கொஞ்சம் சுணங்கட்டும் என்று மனம் ஆசைப்பட்டது.

பலெர்மோ நிலையத்தில் நின்ற மச்சானுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "சொன்னனான்தானே?" என்றார். தொடர்ந்து, இந்தத் தீவுக்குள் ஓடித் திரிய அவரிடம் இருக்கிற சூத்திரத்தையும் சொன்னார்: "கரையால போறதெண்டா ரயில். நடுவால போறதெண்டா பஸ்."

கரைக்குச் செஃபலூ சாட்சி. ஒரு மணித்தியாலம் அளவில் போகிற ரயில். பல இடங்களில் அலை தண்டவாளத்துக்குக் கிட்ட வந்து போகிறது. ஏறுமுன் மேடையில் உள்ள பச்சைப் பெட்டிக்குள் கடதாசி ரிக்கற்றைச் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய ரிக்கற்றே ஆனாலும் குற்றம்தான். மச்சான் என் ரிக்கற்றை வாங்கித் தானே குத்தித் தந்தார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நடுவுக்குக் கத்தானியா. 200 கிலோமீற்றர் அளவு தூரம். பஸ் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடும். ரயிலுக்கு அதைவிடக் கூட, ஓடுவதும் குறைவு. காரணம் பஸ் யன்னலிலேயே தெரிந்தது. காய்ச்சலுக்கும் கொள்ளைக்காரருக்கும் பயந்து பழைய சனம் ஊர்களை மலை உச்சியில் கட்டிவிட்டது. ரயிலுக்கோ சமதரை வேண்டும். எந்நா என்கிற நகரம் 931 மீற்றர் உயரத்தில் முகிலுக்குள் இருக்கிறது, அதன் ரயில் நிலையம் கிலோமீற்றர்கள் தள்ளி அடிவாரப் பள்ளத்தில் கிடக்கிறது. இறங்கி அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பஸ்ஸோ ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விடும்.

பெருந்தெருவும் லேசுப்பட்டதல்ல. பல இடங்களில் தூண்களின் மேலே ஓடுகிறது. 2015 சித்திரையில் மலைச்சரிவு ஒன்று இமெரா பாலத்தின் தூண்களைச் சாய்த்துவிட, கன நாள் அடைப்பைச் சுற்றிப் போகவேண்டி இருந்ததாம், புதியது 2020இல்தான் திறந்தது. அந்தச் சுற்றுப்பாதை வளைவுகளில் சத்தி எடுத்த கதையை மச்சான் விரிவாகச் சொல்லத் தொடங்க, தங்கச்சி வாயைப் பொத்தினாள்.

பஸ்ஸுக்குள் கொண்டக்டர் இல்லை, பாட்டு இல்லை, கண்ணாடிக்கு மேல் சாமிப்படமும் மின்விளக்கு மாலையும் இல்லை. அந்த அமைதியில் முன் ஆசனத்தில் ஒருவர் தோடம்பழம் உரித்தார். சுளை இரத்தச் சிவப்பு! காயம் பட்டுவிட்டதோ என்று அவர் கையைத்தான் முதலில் பார்த்தேன். கத்தானியாப் பக்கத்துப் பழம் அப்படித்தானாம். பஸ் முழுக்க அதன் தோல் மணத்தது. அப்போதுதான் திருப்பத்தில் எட்னா வந்தது. 3,300 மீற்றருக்கு மேலே, தோள் வரை பனி, தலையில் புகை. பனைமரத்துக்கு மேலே எதையும் அண்ணாந்து பழகாத தீவான் நான். கழுத்து நோக நோகப் பார்த்தேன்.

சூத்திரத்துக்கு விலக்கும் உண்டு. அக்ரிஜெந்தோ தீவின் மறுபக்கம், ஆனாலும் ரயில் இரண்டு மணித்தியாலத்தில் ஒழுங்காகப் போகிறது. 2,400 வருஷத்துக்கு மேலாக 34 தூண்களோடு நிற்கும் கொன்கோர்தியா கோயிலைப் பார்க்க அங்கிருந்து நகரப் பஸ். ஞாயிற்றுக்கிழமையில் பஸ்ஸோ ரயிலோ ஓடுமா என்று சொல்வதற்கில்லை. நேர அட்டவணையில் இரண்டு சுத்தியல்கள் குறுக்காக இருந்தால் வேலைநாளில் மட்டும், சிலுவை இருந்தால் ஞாயிறும் திருநாளும். வேலைநிறுத்தம் வந்தாலும் இங்கே ஒழுங்குமுறை உண்டு. பத்து நாள் முன்னரே அறிவிக்க வேண்டும், வேலைநாள் என்றால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் சில ஓடியே ஆகவேண்டும். நாள் சொல்லி, நேரம் குறித்து மறிக்கிறார்கள்!

கடைசி ஞாயிறு பெல்லெக்ரினோ மலைக்குப் போனோம். 1624இல் கொள்ளை நோய் வந்தபோது எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட சாந்தா ரோசலியாவின் குகைக் கோயில் அங்கே இருக்கிறது. எங்கள் சனத்தில் வேதக்காரரும் சைவரும் சேர்ந்தே போகிறார்கள். "812ஆம் இலக்கப் பஸ் மேல வரைக்கும் போகுது" என்று மச்சான் மெல்லச் சொன்னார். "நேத்திக்கடனுக்குப் பஸ்ஸோ?" என்று தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டாள். அந்தக் குளிரில், கல் பாவிய வளைவுப் பாதையில், வெறுங்காலோடு. முன்னால் இரண்டு தமிழ்க் குடும்பம், பின்னால் ஓர் இத்தாலிக் கிழவர். உச்சியில் குகைக்கூரையிலிருந்து ஒழுகும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டிருந்தன. தங்கச்சி நெடுநேரம் கும்பிட்டாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "இறங்கிறதுக்கும் நேத்தி இருக்கோ?" என்று மச்சான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அவர் சட்டைப்பையில் மூன்று பஸ் ரிக்கற் தயாராக இருந்தது. காலையிலேயே புகையிலைக் கடையில் வாங்கி வைத்திருக்கிறார், கெட்டிக்காரன்.