வீட்டுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று

2024ஆம் ஆண்டு ஜூலை முற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கரையோரமாகச் சில நாட்கள் பயணம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. மெல்பேர்ணில் வசிக்கும் என் சித்தப்பாவின் மகன் பழைய 'மோட்டார் ஹோம்' ஒன்றை வைத்திருக்கிறான். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி என்று சிறு குடித்தனமொன்று சில்லுகளின் மேல் ஏறி நிற்பது போன்ற வாகனம் அது. போர்ட் கெம்பல் என்ற கடலோரச் சிற்றூரில் மூன்று இரவுகள் தங்கினோம். நான்காம் நாள் காலை புறப்பட எண்ணித் திறப்பைத் திருப்பியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன அண்ணை இது? உள்ளுக்கை லைற் எல்லாம் எரியுது. பிறிட்ஜும் ஓடுது. எஞ்சின் மட்டும் அசையுதில்லை" என்றான் தம்பி.

கூரையில் இரண்டு சூரியத் தகடுகள் இருந்தன. வெயிலும் எறித்துக்கொண்டிருந்தது. அவ்வாறிருக்க இது எப்படி நேர்ந்தது?

இத்தகைய வாகனத்தில் பற்றரிகள் இருவகை. எஞ்சினை இயக்குவதற்கென ஒன்று. அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகமானவை. சில விநாடிகளுக்குப் பெருமின்னோட்டத்தை வழங்கவல்லது. ஆனால் அடிமட்டம்வரை வெறுமையாக்கினால் விரைவில் கெட்டுவிடும். மற்றையது வீட்டுப் பாவனைக்கானது. தடித்த தகடுகள் கொண்டது. நீண்ட நேரம் சிறுகச் சிறுக மின் கொடுக்கும். ஈயப் பற்றரியாயின் அதையும் பாதிக்குக் கீழே இறக்காதிருப்பது நன்று. நிறைந்த பற்றரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டும், பாதியளவில் 12.1 அல்லது 12.2 ஆகும்.

தம்பி அளந்து பார்த்தான். வீட்டுப் பற்றரி 12.6. எஞ்சின் பற்றரி 11.4.

கூரையின் வெயில் முழுவதும் ஒழுங்காக்கிக் கருவியொன்றினூடாக வீட்டுப் பற்றரிக்கு மாத்திரமே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டும் இணையும், நின்றதும் பிரிந்துவிடும். வீட்டுப் பாவனை எஞ்சினின் மின்னை உறிஞ்சாதிருக்கவே இந்தப் பிரிப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் நாட்களில் எஞ்சின் பற்றரிக்கு வரவே இல்லை, செலவு மட்டுமே. திருட்டு எச்சரிக்கைக் கருவி 50 மில்லி அம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. மாதமொன்றுக்கு 36 அம்பியர் மணி. தரிப்பிடத்தில் வாரக்கணக்காக விடப்படும் வாகனங்கள் உயிரிழப்பது இதனாற்றான்.

எங்கள் வாகனம் நின்றதோ மூன்றே நாட்கள்.

"அண்ணை, இரவு திறப்பை எந்த நிலையிலை விட்டனீங்கள்?" என்று தம்பி மெல்லக் கேட்டான்.

பத்திரிகைக்காரன் புத்தி. மூன்று இரவுகளும் சாரதி ஆசனத்திலிருந்து செய்தி கேட்டவன் நான். கடைசி இரவு வானொலியை நிறுத்தினேனே ஒழிய, திறப்பைக் கழற்ற மறந்துபோனேன். அந்த வானொலிக்கு மின் கொடுப்பது எஞ்சின் பற்றரி. இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு.

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டோம். தேய்ந்த ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்தோம். எங்கள் வீட்டில் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்று மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதை ஆஸ்பத்திரித் தேவைக்கு மட்டுமே எடுப்பார்.

1993இல் நான் பல்கலைக்கழக மாணவன். அந்தக் காலப் பற்றரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற். அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளித்தெரியும். மூன்று அறைகளிலிருந்து கம்பி எடுத்தால் ஆறு வோல்ற் வானொலிக்கு அளவாகப் போதும். அப்பாவுக்குத் தெரியாமல் ஒவ்வோர் இரவும் தமிழோசை கேட்டேன். மூன்று அறைகள் நிறைந்திருக்க மூன்று அறைகள் வற்றினால் முழுப் பற்றரியுமே பயனற்றதாகும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

ஓர் இரவு அப்பாச்சிக்கு மூச்சிழுப்பு வந்தது. கார் அசையவில்லை. அப்பா கைபிடி போட்டுச் சுழற்றிப் பார்த்தார். பின்னர் ஒழுங்கை நெடுகத் தள்ளினோம். பின் ஆசனத்தில் அப்பாச்சியின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முச்சந்தி தாண்டியபின்பே எஞ்சின் உயிர்த்தது. அப்பாச்சி பிழைத்தார்.

மறுநாள் அந்தக் கம்பித் துண்டுகளை அப்பா என் கையில் தந்தார். ஏசவில்லை. "விதைநெல்லிலை சோறு காய்ச்சக்கூடாது, தம்பி. வீட்டுக்கு வேறை, வழிக்கு வேறை" என்றார். பிறகு எங்கோ பழைய பற்றரியொன்று தேடிக் கொண்டுவந்து வானொலிக்கென வைத்தார். அதற்கு மின் ஏற்றவேண்டுமானால் ஜெனரேற்றர் வைத்திருந்த கடைவரை நானே சைக்கிளில் கட்டிச் செல்லவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் முதல் முயற்சியிலேயே உயிர்த்தது. சனநெரிசலில் நடப்பவர்களைவிட மெதுவாகத்தான் ஊர்ந்தது. என்றாலும் நடக்கமுடியாத அப்பாச்சி அதிலே இருந்தார்.

போர்ட் கெம்பலில் தம்பி தடித்த கம்பிகளால் இரண்டு பற்றரிகளையும் இணைத்தான். நேர்முனைகளை முதலில், எதிர்க்கம்பியைக் கடைசியாக, பற்றரிக்குத் தள்ளி எஞ்சினின் வெற்று உலோகத்தில். குளிர்காலச் சூரியன் அங்கே நண்பகலிலும் வடதிசையில் முப்பது பாகைக்குக் கீழேதான் நிற்கும். தட்டையாகக் கிடக்கும் தகடுகளுக்குக் கிடைப்பது கொஞ்சமே. முக்கால் மணிநேரம் காத்திருந்தபின் எஞ்சின் இயங்கியது.

ஊர் திரும்பியபின் தம்பி தொலைபேசியில் பேசினான். வீட்டுப் பற்றரி நிறைந்து 13.3 வோல்ற் அளவைக் கடந்ததும் எஞ்சின் பற்றரிக்கும் வெயிலைப் பகிர்ந்து, 12.8க்கு இறங்கியதும் துண்டித்துவிடும் சிறு கருவியொன்றைப் பொருத்திவிட்டானாம்.

"இனி நீங்கள் விடியவிடிய நியூஸ் கேட்கலாம் அண்ணை" என்று சிரித்தான்.

அடுத்தமுறை சிறு வானொலியொன்றை நானே கையோடு கொண்டுசெல்வதாகச் சொன்னேன்.