கோர்வைக்கு உட்கார்ந்தவள்

ஆனி 14

அண்ணன் மகள் இன்றும் தறிப்பக்கம் வரவில்லை. ராத்திரியில் தூங்குவதில்லை. குழல் சுற்றும்போது கை நடுங்குகிறது. இருபத்திரண்டு வயதுப் பெண் இப்படி ஒடுங்கிப்போனால் என்னவென்று நினைப்பது? சோளிங்கர் கோயிலுக்குக் கூட்டிப்போய் சில நாள் தங்கவைக்கலாம் என்கிறார் அண்ணி.

ஆனி 17

ராத்திரி கரண்ட் போயிற்று. தறிக்குழி ஓரம் உட்கார்ந்திருந்தோம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பத்து வயதில், பக்கத்துத் தெருவில், கோர்வை போடப் போன வீட்டில் நடந்தது.

கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரை நாடாவைத் தள்ளித்தர நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் இந்த ஊர் பிள்ளைகளைத்தான் உட்காரவைத்தது, பெற்றவர் வாங்கிய முன்பணத்துக்காக. பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்களைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதிய அறிக்கையில் எங்கள் காஞ்சிபுரமும் இருக்கிறது. நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதுகிற எனக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டுப் பிள்ளை வாயால் கேட்பது வேறு.

"சொல்லிடாத அத்தை. நான்தானே தினமும் நடந்து போனேன்" என்றாள்.

ஆனி 18

அண்ணியிடம் சொல்லவில்லை.

ஆனி 23

ஒரு டாக்டரிடம் போனோம். பாதி கேட்டதுமே தூக்க மாத்திரை எழுதிவிட்டு, "கல்யாணம் ஆனா எல்லாம் மறந்துபோகும்" என்றார். வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஆனி 26

14416. டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்க மனநலத் தொலைபேசிச் சேவை. காசில்லை, தமிழிலேயே பேசலாம். மொட்டைமாடியில் அவள் பேச, யாரும் ஏறி வராமல் நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். இறங்கி வந்தவள், "என்ன நடந்துச்சுன்னு கேக்கவே இல்ல அத்தை. சாப்பிட்டியா, தூங்குறியான்னு கேட்டாங்க" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்களாம். இங்கே போனால் சீட்டு வரிசையிலேயே தெருக்காரர் யாராவது நிற்பார். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள்.

ஆடி 5

செங்கல்பட்டு. என்னையும் கூடவே இருக்கச் சொன்னாள். ஆலோசகர் சின்ன வயதுப் பெண். இங்கே சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டுமென்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது என்று முதலில் விளக்கினார். நடந்ததைச் சொல்ல அவசரமே இல்லையாம். முதலில் தூக்கம், பயம் வரும்போது உடம்பைத் தேற்றிக்கொள்ளும் வழி. அதற்குப் பிறகுதான் பழையது, அதுவும் அவள் விரும்பினால்.

"ரெண்டு பாதத்தையும் தரையில அழுத்தி வை. தரை தெரியுதா?"

வைத்தாள். வெகுநேரம் குனிந்து பாதத்தையே பார்த்தாள். பிறகு யாரும் கேட்காமலே, "அப்ப எனக்குக் குழியில கால் எட்டாது. தொங்கும்" என்றாள்.

ஆலோசகர் எழுதுவதை நிறுத்தினார். நானும் ஒன்றும் பேசவில்லை. பத்து வயது எவ்வளவு சின்னது என்று இத்தனை வருஷம் இவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆடி 7

இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்!

ஆடி 9

ஆடி வெள்ளி. காமாட்சி கோயில் கூட்டத்தில் அந்தக் கோர்வை வீட்டு ஆள் எதிரே வந்தான். "நல்லா இருக்கியாம்மா?" என்று வேறு கேட்டான். தலையைக் குனிந்தது இவள். அவன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நிமிர்ந்து நடந்துபோனான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவள் இன்னும் திறக்கவில்லை.

ஆடி 13

வக்கீல் ஒருவரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் புகார் கொடுக்கக் காலவரம்பு இல்லை என்று 2018இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறதாம். அதற்காகக் குரல் கொடுத்தவர் பூர்ணிமா கோவிந்தராஜுலு; கனடாவில் வாழும் விஞ்ஞானி. சென்னையில் சிறுமியாக இருந்தபோது தனக்கு நேர்ந்ததைச் சொந்தப் பெயரிலேயே சொன்னவர். இவளிடம் சொன்னேன். "அவங்க பேர் என்ன சொன்ன?" என்று மறுபடி கேட்டாள். கேஸ் வேண்டாமாம். சரி. அது அவள் முடிவு.

ஆடி 17

ஆவணி முகூர்த்தச் சேலைகள் பாக்கி. "திங்கட்கிழமை மறுபடி எங்க கிளம்புறீங்க ரெண்டு பேரும்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப்பா. எதுக்குன்னு வந்து சொல்றேன்" என்றாள் அவள்.

சொல்வாளா, எவ்வளவு சொல்வாள், தெரியவில்லை. அன்றைக்கு முன்பணம் வாங்கியவர் அண்ணன்தான். கேட்டபிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது? அதையும் ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.