சோடாபுட்டியும் துப்பாக்கியும்

திருவிழாவில் பலூன் சுடும் கடையைக் கண்டால் நான் நகரவே மாட்டேன். "சோடாபுட்டிக்கு எதுக்குடி துப்பாக்கி?" என்பாள் பக்கத்து பெஞ்சுக்காரி. அவளுக்குத்தான் இந்தப் பதில்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி மேல் டெலஸ்கோப் வைக்கவே கூடாது. எல்லாரும் சின்ன ஓட்டை வழியாகத்தான் குறி பார்க்கணும். பார்வைக் கண்ணாடி போடலாம், தடையே இல்லை! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதைத்தான். நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்!

துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. தோளில் பதியும் கட்டையையும் கன்னம் படும் கட்டையையும் நம்ம உடம்புக்கு ஏற்ப நகர்த்த முடியுதா என்று பார்த்து எடுக்கணும். நான் குள்ளம், எனக்குக் குட்டையா வேணும்.

அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. பி.டி. டீச்சர், நம்ம மாவட்டத்தில் ரைஃபிள் கிளப் எங்கே இருக்குன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா?