கற்பூரச் சத்தியமும் சம்பளக் கணக்கும்

தேர்தல் நெருங்கிவிட்டால் நானுஓயாச் சந்தியிலே ஒலிபெருக்கிக்கு ஓய்வு இராது. புகையிரதம் வந்து நிற்கும் ஓசையையும் அது விழுங்கிவிடும். லயத்துக்குக் கூரைத் தகரம், பிள்ளைகளுக்குக் கொப்பி, கோயிலுக்கு மணி என்று வாக்குறுதிகள் மலையேறி வரும். எமது வீட்டில் இவற்றை வேடிக்கையாகப் பார்க்கும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. வாக்கை ஒருமுறை பறிகொடுத்த குடும்பம் அது.

எமது அப்பாயி 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தவர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்ற தேர்தல் அது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் கொண்டுபோயிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் மீண்டும் ஏறியபோது தலை முற்றாக நரைத்திருந்தது.

1994ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாம் பள்ளி மாணவர். ஒரு வேட்பாளரின் ஆட்கள் இரவில் லயத்துக்கு வந்து வீட்டுக்கு ஒரு சேலை கொடுத்தனர். பின்னர் மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, இன்னாருக்கே வாக்கு என்று சத்தியம் செய்யும்படி ஒவ்வொருவரையும் கேட்டனர். அப்பாயியின் முறை வந்தது. அவர் சேலையைத் திருப்பி நீட்டினார்.

"நான் போடுறது உங்க கண்ணுக்குத் தெரியாது. அதனாலதானே தம்பி சத்தியம் கேக்குறீங்க?" என்றார்.

வந்தவர்கள் பேசாமல் நின்றனர். எழுத்தறியாத அம் மூதாட்டி இரகசிய வாக்கெடுப்பின் முழுப் பொருளையும் உணர்ந்திருந்தார். இன்றும் தோட்டங்களிலே, "யாருக்குப் போட்டாய் என்று தலைவருக்குத் தெரிந்துவிடும்" என அஞ்சுவோர் உளர். தெரியும் வழி இருந்தால் சேலையும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். தேர்தலில் பொருள் கொடுத்து வாக்குக் கேட்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்க.

சேலையை மறுப்பது ஒருவாறு எளிது. இனிய வாக்குறுதியை மறுப்பதுதான் அரிது. அதற்கு நாம் வகுப்பிலே ஒரு கணக்கைப் பயன்படுத்துவதுண்டு. 2024ஆம் ஆண்டு மே தினத்தன்று கொட்டகலை மேடையிலே, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். கைதட்டல் மலையில் எதிரொலித்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜனாதிபதித் தேர்தல் நடந்த செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவே நின்றது. மேடைக்கும் அதற்கும் வித்தியாசம் நாளொன்றுக்கு 350. மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 8,750. கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் விழும் நாட்களை நாம் இதிற் சேர்க்கவில்லை.

அறிவித்தவர் பொய்யுரைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. சம்பளத்தை நிர்ணயிக்கும் சபையிலே முதலாளிமாரின் பிரதிநிதிகளும் இருக்கின்றனர்; மேடையில் நிற்கும் ஒருவரின் வாயினால் மட்டும் அது உயர்ந்துவிடாது. ஆகவே வாக்குக் கேட்டு வருபவர் எக் கட்சியினராயினும், "இதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது? மறுப்பவர் யார்? அவருக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். முன்னர் பதவியில் இருந்தவராயின் பழைய கணக்கையும் கேட்க வேண்டும். ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடவே கூடாது என விதித்தது. அவருடைய உறவினர் பலருக்கும் அத் தடை பொருந்தியது! இன்று அவ்விதி இருந்தால் எத்தனை சுவரொட்டிகள் மிஞ்சுமோ!

இக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய அன்று, பின் வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தாயார் கொழுந்து பறிப்பவர்.

"சேர், உங்கட அப்பாயி கடைசியில யாருக்குப் போட்டாங்க?"

வாக்குச் சாவடியிலிருந்து திரும்பும் வழியில் நாமும் அதையே கேட்டோம். அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மழை வரப்போகிறது, வேகமாக நட என்றார்.