பூனையோடு வந்த விருந்தாளி



கீரனூரில் என் தகப்பனார் விட்டுச்சென்ற ஓட்டு வீட்டை விடுமுறைக் காலத்தில் வாடகைக்கு விடுகிறோம் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கொடைக்கானல் ஏறுமுன் இரண்டு நாள் தங்குகிறவர்களே அங்கு அதிகம் வருவார்கள். கடந்த மே மாதம் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்து, "ஐயா, என்னோடு ஒரு பூனையும் வரும், சம்மதிப்பீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அது மரித்துப்போன அவருடைய கணவர் வளர்த்த பூனை. தனியே விட்டுவர மனமில்லை என்றார்.

உபசரிப்பைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். யோசிக்காமல், "தாராளமாய் அழைத்து வாருங்கள்" என்றேன். "மெத்தை உறையை யார் துவைப்பதாம்?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள்.

நாம் வாசிக்கும் அறுபத்தாறு ஆகமங்களில் வீட்டுப்பூனை ஓரிடத்திலும் இல்லை. கத்தோலிக்கரின் வேதாகமத்தில் பாரூக்கு ஆறாம் அதிகாரத்தில் அது அந்நிய தெய்வங்களின் சிலைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. தோபித்து நூலிலோ, எஜமானனின் மகனோடு நாயும் பயணம் புறப்படுகிறது. இந்த வேறுபாட்டை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். நாய் மனிதனோடு எங்கும் போய்விடும். பூனைக்கோ அதன் இடமே உலகம். கன்னத்தை நாற்காலியிலும் கதவிலும் உரசித் தன் வாசனையைப் பதித்து, அந்த வாசனையால்தான் அது தன் வீட்டை அறிகிறது. புதிய வீட்டில் அப்படி ஓர் அடையாளமும் அதற்கு இல்லை.

அந்தச் சகோதரி உள்ளே வந்ததும் மேசையைப் பார்த்து முகம் வெளிறினார். ஆலயத்துக்கு வந்த லீலிபுஷ்பங்களில் மீதியானவற்றை என் மனைவி வரவேற்புக்காகக் குவளையில் வைத்திருந்தாள். லீலியின் இலையும் மகரந்தமும், அது நின்ற தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துச் சில நாட்களில் கொன்றுவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். மல்லிகையிலும் ரோஜாவிலும் அந்த ஆபத்து இல்லையாம். குவளை உடனே வெளியே போயிற்று.

அதோடு நிற்கவில்லை. அறை புழுங்குகிறதே என்று, கேளாமலே நான் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். கூடையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பூனை கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் வழியே மறைந்தது.

அண்டை வீட்டாரையும் பிள்ளைகளையும் திரட்டிக்கொண்டு டார்ச் விளக்குகளோடு தேடினோம். அன்றிரவு ஜெபித்தேன் என்று எழுதலாம், உண்மையில் பயந்தேன். கணவரை இழந்தவரிடம் அவர் விட்டுச்சென்றதையும் நான் தொலைத்துவிட்டேன் அல்லவா? அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. பத்து மணிக்குமேல், "ஐயா, எல்லாரையும் அனுப்பிவிடுங்கள். சத்தம் இருக்கும்வரை அவன் வரமாட்டான்" என்றார். மிரண்ட வீட்டுப்பூனை பெரும்பாலும் தூரம் ஓடுவதில்லை. அருகிலேயே பதுங்கி, பேர்சொல்லி அழைத்தாலும் சத்தமிடாமல் இருக்கும் என்றும் விளக்கினார். புழக்கடை வாசலில் கூடையை வைத்து, அதில் கணவரின் பழைய வேட்டியை விரித்து, விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். நானும் சற்றுத் தள்ளி அமர்ந்தேன். ஓயாமல் பேசிப் பழகிய எனக்கு அந்த மௌனம் கடினமாயிருந்தது. இரண்டு மணிக்குமேல், கதவிலிருந்து பத்தடி தூரத்துத் தென்னை ஓலைக் குவியலுக்குள்ளிருந்து அது தவழ்ந்து வந்தது. நாங்கள் அவ்வளவு நேரம் கூச்சலிட்டுக்கொண்டு நின்றது அந்தக் குவியலுக்கு அருகில்தான்.

மறுநாள் சிறிய அறையை அதற்கென்று ஒதுக்கினோம். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மணல் தட்டு ஒரு மூலையில், தண்ணீர் மறுமூலையில், வேட்டி கட்டிலுக்கடியில். நான் குனிந்து அழைக்கவில்லை. பால் கிண்ணத்தோடு நிற்கவுமில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காதாம். மூன்றாம் நாள் காலையில் தானாகவே வெளியே வந்து, என் தகப்பனாரின் சாய்வு நாற்காலிக் காலில் கன்னத்தை உரசிற்று.

இப்போது எல்லா ஜன்னல்களுக்கும் வலை அடித்திருக்கிறோம். எலி மருந்து வைப்பதில்லை. காய்ச்சல் மாத்திரைகள் பீரோவுக்குள் பூட்டப்பட்டுள்ளன. பாராசிட்டமால் ஒன்றே பூனையின் உயிரை வாங்கிவிடும். மெத்தை உறையில் மூன்று கீறல்கள் விழுந்தன. அவற்றை என் மனைவியே தைத்தாள்.

வருகிற மே மாதமும் அந்தச் சகோதரி வருவதாக எழுதியிருக்கிறார். ஆராதனைக்கு லீலிபுஷ்பம் கொண்டுவருகிறவர்கள் அந்த வாரம் மீதியை எங்கள் கையில் கொடுத்தனுப்பாதிருக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.