நான்கு சென்டும் நம் கையொப்பமும்

வீடு கட்ட முற்படுவோர் கல்லையும் மணலையும் கம்பியையும் பற்றி முதலில் எண்ணுகின்றனர். சட்டத்தைப் பற்றி இறுதியாகவே எண்ணுகின்றனர். சட்டம் என்றவுடன் அலுவலக வாசலும் காத்திருப்பும் கைச்செலவும் நினைவுக்கு வருவதே இதற்குக் காரணம். ஆயினும் கட்டட விதிகளுள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, 'இது யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டது?' என்று வினவிப் பார்த்தால், அதன் பின்னே ஒரு மனித முகம் தெரியும். ஒன்றில் மூச்சிளைக்கும் முதியவர். மற்றொன்றில் மாடியில் ஓடியாடும் குழந்தை. இன்னொன்றில் சுவருக்கு அப்பால் வாழும் அயலார். சூலக்கரையில் நான்கு சென்ட் மனையில் சிறிய வீடொன்றை நாங்களே திட்டமிட்டுக் கட்டியபோது கற்றுக்கொண்டது இதுவே. எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார்க்குப் பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

கட்டட விதி நேற்று முளைத்ததன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத் தொகுப்பில், கட்டிய வீடு இடிந்து உரிமையாளர் மாண்டால் கட்டியவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுள்ளது. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுவோர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எவரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரலாகாது என்றும் கட்டளையிடுகிறது. 1666இல் இலண்டன் மாநகர் தீக்கிரையான பின், மரச்சுவர்களுக்கு மாற்றாகச் செங்கல்லாலோ கல்லாலோதான் வீடு கட்ட வேண்டும் என 1667இல் சட்டம் இயற்றினர். துன்பத்தைக் கண்டபின் எழுதப்பட்டவையே விதிகள். தம் வீட்டில் அத்துன்பம் நிகழும்வரை காத்திராமல், பிறர் பட்டதிலிருந்து அறிந்துகொள்வது அறிவுடைமை அன்றோ?

எங்கள் மனை 30 அடி அகலமும் 58 அடி நீளமும் உடையது. 1,740 சதுர அடி. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் தடை விதித்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் வகுத்ததும் வாசகர் அறிந்ததே. அவ்விதிகளின்படி கட்டணம் செலுத்தி எங்கள் மனையையும் முறைப்படுத்தினோம். மனையின் தாள்கள் சரியாக இல்லாமல் வீட்டின் வரைபடத்தைத் தொடங்குவது, நிலை வைக்குமுன் கதவு வாங்குவது போன்றதாகும்.

தமிழ்நாட்டில் நகரம், ஊராட்சி என்ற வேறுபாடின்றிப் பொருந்துவது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஆகும். அதனோடு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்ட குடியிருப்பைக் கட்டுவோர் இணையவழியே விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம் என்றும், கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டலாகாது என்றும் அப்போது வகுக்கப்பட்டது. முன்கூட்டியே ஆய்வு இல்லை. பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. 'விதிப்படி கட்டுவேன்' என்று நாம் இடும் கையொப்பமே போதுமானது.

இது பெரிய வசதி. ஆனால் இதில் பெரிய சோதனையும் உண்டு. முன்பு அலுவலர் சரிபார்ப்பார் என்று இருந்தோம். இப்போது சரிபார்க்க வேண்டியது நம் மனச்சான்றே. இவ்வுண்மையை நாங்கள் விரைவிலேயே உணர்ந்தோம். நகரில் படம் வரைபவர் ஒருவரை அணுகியபோது அவர் சிரித்துக்கொண்டே, "தாளுக்கு ஒரு படம், தரைக்கு ஒரு படம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். அவரிடம் வணக்கம் சொல்லி விடைபெற்றோம். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு கட்டத்தை ஓரடியாகக் கொண்டு, நாங்களே வரையத் தொடங்கினோம். பின்னர்ப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் அதனைத் திருத்தமான வரைபடமாக்கித் தந்தார்.

முதற்கேள்வி, எல்லையிலிருந்து எவ்வளவு விடுவது என்பது. முன்புற இடைவெளி சாலையின் அகலத்தைப் பொறுத்தும், பக்க இடைவெளி மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தும் அமைகின்றன. எவ்வாறு கணக்கிட்டாலும் குறைவுபடாதபடி முன்னே பத்தடி, இருபுறமும் ஐந்தைந்து அடி, பின்னே எட்டடி விட்டோம். எஞ்சியது 20க்கு 40. 800 சதுர அடி. மனைப்பரப்பைப் போல் இரு மடங்கு வரை தளப்பரப்பு எழுப்பச் சட்டம் இடந்தருகிறது. அதாவது 3,480 சதுர அடி. எங்கள் பணப்பையோ 800க்குமேல் இடந்தரவில்லை!

இங்கேதான் வீட்டினுள் வாதம் எழுந்தது. பக்க இடைவெளிகளை விட்டால் இரண்டு படுக்கையறைகளே கிடைக்கும். சுவரை எல்லைவரை தள்ளினால் மூன்று கிடைக்கும். பதினோராம் வகுப்பில் படிக்கும் எங்கள் மூத்த மகளுக்குத் தனியறை தருவதாக முன்னரே சொல்லியிருந்தோம். கொத்தனாரும் அவள் பக்கமே நின்றார். "அண்ணாச்சி, பக்கத்து மனை சும்மாதானே கிடக்கு? சுவரைத் தள்ளிப் போட்டா பிள்ளைக்கு ஒரு ரூம் ஆச்சு" என்றார். மறுபுறம், மூச்சிளைப்பு உடைய எங்கள் தாயார். வாடகை வீட்டில் அவர் படுத்திருந்த அறைக்குச் சன்னலே இல்லை. அயலார் சுவர் இச்சுவரோடு ஒட்டியிருந்தது. மழைக்காலத்து இரவுகளில் அவர் எழுந்து வாசற்படியில் அமர்ந்து விடியும்வரை மூச்சுக்குப் போராடியதைக் கண்டவர்கள் நாங்கள். இன்று சும்மா கிடக்கும் மனை நாளை ஒரு குடும்பத்தின் வீடாகும். அங்கும் ஒரு தாய் இருப்பார். மகளிடம் இதை எடுத்துரைத்தோம். அவள் மகிழ்ந்தாள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு நாள் பேசாதிருந்துவிட்டு, "பாட்டி அறையில் சன்னலோரம் என் மேசையைப் போடுங்கள், அப்பா" என்றாள். இன்றும் தனியறையைக் கேட்கத்தான் செய்கின்றாள். மேல்தளம் எழுப்ப விதி தடையில்லை; கடைக்காலையும் அதற்கேற்பவே இட்டிருக்கின்றோம். இறைவன் வழி காட்டட்டும்.

அறைகளின் அளவுக்குத் தேசியக் கட்டட நெறிமுறை நல்ல துணையாகும். 1970இல் முதன்முதலாக வெளியான அந்நூல் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றது. குடியிருக்கும் அறை 9.5 சதுர மீட்டருக்கு, அஃதாவது ஏறத்தாழ 102 சதுர அடிக்குக் குறையலாகாது, அகலம் 2.4 மீட்டராவது வேண்டும். கூரையின் உயரம் 2.75 மீட்டர், நம் கணக்கில் ஒன்பதடி. சன்னல்களின் பரப்பு, உலர்ந்த வெப்பப் பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் இருத்தல் வேண்டும். தாயாரின் அறையைப் பத்தடிக்குப் பதினோரடியாக, 110 சதுர அடியில் அமைத்து, மூன்றுக்கு நான்கடியில் இரண்டு சன்னல்கள் வைத்தோம். மொத்தம் 24 சதுர அடி. ஆறில் ஒரு பங்கையும் விஞ்சியது. உறவினர் ஒருவர் மனையடி நூலைக் கொண்டுவந்து, எந்த அளவு ஆகும், எந்த அளவு ஆகாது என்று வாதித்தார். அவரிடம் மரியாதையாகவே கூறினோம்: "இந்த அறைக்கு அளவு, கட்டிலும் அதைச் சுற்றி ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு கிழவியுமே."

அடுத்து மண். நம் வட்டாரத்துக் கரிசல் பருத்திக்குத் தாய்; சுவருக்கோ பகை. அதிலுள்ள களிமம் நீர் பட்டால் உப்புகிறது. கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஒரு மழையில் தூக்கியும் ஒரு கோடையில் இறக்கியும் மண் சுவரோடு விளையாடுகிறது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே, தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூண்களை வகுத்தளித்துள்ளது. கெட்டித் தரை ஆழத்தில் இருக்குமிடத்தில் அது சிறந்த வழி. எங்கள் மனையில் வானம் தோண்டியபோது ஆறடியில் சுக்கான் தட்டுப்பட்டதால், அதன்மேலேயே கடைக்காலை அமர்த்தினோம். தோண்டிய கரிசலைத் திரும்ப உள்ளே கொட்டாமல் சரளை நிரப்பிக் கெட்டித்து, தரைமட்டத்தில் சுற்றிலும் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஓட்டினோம். வீட்டின் தரையை வெளித்தரையிலிருந்து குறைந்தது 45 செண்டிமீட்டர் உயர்த்த வேண்டும் என்பது நெறிமுறை. நாங்கள் இரண்டடி உயர்த்தினோம்.

அப்போதுதான் அந்த ஐந்தடி இடைவெளியின் மற்றொரு பயன் புலப்பட்டது. சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டோம். மழைநீர் கடைக்காலை அணுகாமல் விலகி ஓடுகிறது. மண்ணின் ஈரம் ஒரே நிலையில் நிற்கிறது. சுவரும் வெடிக்காமல் நிற்கிறது. எல்லையோடு ஒட்டிக் கட்டியிருந்தால் இதற்கு இடமேது?

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். கரிசலில் சுவரோரம் உறிஞ்சு குழி தோண்டினால் நாமே கடைக்காலுக்கு நீர் ஊற்றியதாகும். ஆதலால் மாடி நீரைக் குழாய் வழியே கொணர்ந்து, மணலும் சரளையும் இட்ட வடிகட்டியில் பாய்ச்சி, முன்புறத் தொட்டியில் சேர்த்தோம். 74 சதுர மீட்டர் மாடியில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 7,400 லிட்டர் நீர். விதியின் சொல்லையும் காத்து மண்ணின் இயல்பையும் காக்க வழி இருக்கவே செய்கிறது.

கழிவுநீரில் இன்னும் கடினமான கணக்கு. கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. பதினெட்டு மீட்டர் என்பது 59 அடி. எங்கள் மனையின் முழு நீளமே 58 அடி! நான்கு சென்டில் கிணறும் ஊறல் குழியும் ஒருங்கே வாழ இயலாது என்பதைச் சட்டம் எண்ணாலேயே சொல்லிவிட்டது. நம் மனைக்குள் கிணற்றைத் தவிர்த்தாலும், குழியின் கசிவு அயலார் கிணற்றைச் சேரும். கரிசலோ நீரை உறிஞ்சுவதும் இல்லை. ஆகவே ஊறல் குழியைக் கைவிட்டு, கசிவற்ற இரு அறைத் தொட்டியும், அதனை அடுத்துக் கழிவுநீர் கீழிருந்து மேலேறும் ஜல்லி வடிகட்டியும் அமைத்தோம். தொட்டியை வீட்டின் முன்புறமே வைத்தோம். 'வாசலிலா?' என்று சிலர் முகஞ்சுளித்தனர். கழிவகற்றும் ஊர்தியின் குழாய் தெருவிலிருந்தே எட்ட வேண்டும் என்பதே காரணம். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. எனினும் அத்தொட்டிகளுள் இறங்கி மாண்டோர் செய்தி இன்னும் ஓயவில்லை. எவரும் இறங்கத் தேவையில்லாத இடத்தில் தொட்டியை வரைவது வீட்டு வாசலின் அழகைவிட மேலானது.

படிக்கட்டில் ஏற்றம் 19 செண்டிமீட்டருக்கு மிகாமலும் மிதி 25 செண்டிமீட்டருக்குக் குறையாமலும், மாடியின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் வைத்தோம். இவற்றுள் ஓரங்குலம் குறைப்பதால் மிச்சமாவது சில செங்கற்களே.

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் இந்நாட்டுப்புறத்தில் மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. வீடு வீடாகவே இருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மாவட்டம் மறக்கவியலாது. ஆலைக் கொட்டகைகளுக்கு இடையே தூரமும், ஒவ்வொன்றிலும் இருக்கத்தக்க ஆள் கணக்கும் மருந்தின் அளவும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. அவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் அஞ்சத்தக்க பொருளைக் கூலி கிடைக்கிறது என்று வீட்டின் பின்னறையில் வைத்து வேலை செய்வது, உறங்கும் பிள்ளைகளின் தலைமாட்டில் நெருப்பை வைப்பதாகும். அனுமதி பெறுவது குடியிருப்புக்கு. குடியிருப்பாகவே அது நிலைக்கட்டும்.

வீடு கட்ட எண்ணும் குடும்பத்தாருக்கு நாங்கள் கூறுவது இவ்வளவே. கட்டம் போட்ட நோட்டை முதலில் வாங்குங்கள். வீட்டின் மிக முதியவருக்கும் மிக இளையவருக்கும் வேண்டுவதை முதற்பக்கத்தில் எழுதுங்கள். எல்லை இடைவெளிகளை முதலில் வரைந்து, எஞ்சிய இடத்துக்குள் அறைகளைத் தேடுங்கள். அறைகளை வரைந்துவிட்டு இடைவெளியைத் தேடாதீர்கள். வானம் தோண்டுமுன் மண்ணைப் பாருங்கள். அயலாரின் கிணறு எங்கே என்று அவரையே கேட்டு அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு நாடாவே நல்லுறவின் முதற்கயிறாகவும் அமையக்கூடும். தாளில் உள்ளதையே தரையில் கட்டுங்கள். அரசு நம் கையொப்பத்தை நம்பத் துணிந்துவிட்டது. அந்நம்பிக்கைக்குத் தகுதியுடைய மக்களாய் நாம் வாழ வேண்டாமா?